நான்கு மூலை மஞ்சள்

உறையைப் பிரிப்பதற்கு முன்பே மஞ்சள் வாசனை வந்துவிட்டது. உள்ளே தடிமனான கல்யாணப் பத்திரிகை, நான்கு மூலையிலும் விரலால் தொட்டு வைத்த மஞ்சள். யார் வீட்டு விசேஷம் என்று பார்ப்பதற்கு முன்னால் மூலைகளைத்தான் எண்ணினேன். யார் பத்திரிகை அனுப்பினாலும் இத்தனை வருடமாக அப்படித்தான் செய்கிறேன். நான்கு மூலை, பெரிய சீட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அதன் பிறகே படிக்க ஆரம்பித்தேன். மணமகளின் பெற்றோர் பெயர் வரும் இடத்தில் உன் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் 'தெய்வத்திருமதி' என்று போட்டிருந்தார்கள்.

மூன்று முறை படித்தேன். அச்சுப்பிழையாக இருக்கக் கூடாதா என்று பார்த்தேன். பத்திரிகை அடிக்கிற கடையில் என்னென்ன தப்பெல்லாம் நடக்கும் என்று எனக்குச் சொன்னவளே நீதானே. ஆனால் கீழே உன் மகள் பேனாவால் எழுதியிருந்தாள். "பெரியம்மா, அம்மாவின் டைரியில் உங்கள் முகவரி இருந்தது. அம்மா போன ஆடியில் தவறிவிட்டார்கள். நீங்கள் அவசியம் வரோணும்." இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது புது முகவரியை எழுதி உனக்கு ஒரு கார்டு போட்டிருந்தேன். பதில் வரவில்லை. போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சேர்ந்திருக்கிறது. நீ எழுதி வைத்திருக்கிறாய்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருந்த அந்தப் பெண்கள் விடுதி இப்போது இல்லை. காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்கிற தூரத்தில், மூன்று மாடி, ஒரே ஒரு போன். நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நூல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். நீ பத்திரிகை அடிக்கிற கடையில் படம் வரைகிறவள். பிள்ளையார், குத்துவிளக்கு, வாழைமரம் என்று வரைந்து வரைந்து சலித்துப்போய், ஒரு சனிக்கிழமை கடையில் வீணாய்ப் போன அட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் கட்டிலில் கொட்டினாய். "மாப்பிள்ளை பேரு தப்பா உழுந்துபோச்சு. ஐநூறு அட்டை. ஓனரு எடுத்துக்கச் சொல்லிப்போட்டாரு. சீட்டு செய்யலாமா அம்மணி?" என்றாய்.

அந்த வருடங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மல்யுத்த வீரர்களும் கிரிக்கெட்காரர்களும் போட்ட சீட்டுகளைச் சேர்த்து, மாற்றி, சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் பிள்ளைகள் இல்லை, இருபத்துநாலு வயசு. ஆனாலும் செய்தோம். வீரர்களுக்குப் பதிலாக நம் சீட்டுகளில் கோயமுத்தூர் இருந்தது. டபுள் விசில் கொடுக்கிற கண்டக்டர், லேடீஸ் ஸ்பெஷல், சிறுவாணித் தண்ணிக்குக் குடங்களின் வரிசை, கரண்ட் கட், மழை, எல்லாருக்கும் மேலே நம் வார்டனம்மா. ஆளுக்கு இருபது சீட்டு. எல்லாரும் ஒவ்வொன்று இறக்க வேண்டும், பெரியது மற்றதை அள்ளிக்கொண்டு போகும். கரண்ட் கட் விழுந்தால் அந்தச் சுற்றில் சின்னதுதான் பெரியது. ஆட்டம் முடிந்ததும் பேரம். ஒரு வார்டனம்மாவுக்கு நான்கு கண்டக்டர் வரை விலை போனது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பொள்ளாச்சி மும்தாஜ் அக்காவும், ஜவுளிக்கடையில் வேலை பார்த்த கோபிச்செட்டிபாளையம் செல்வியும் சேர, நால்வரானோம். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எலும்புக் குழம்பு வாசனை போவதற்குள் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம்.

உண்மையைச் சொன்னால், ஆடியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். எது பெரிய சீட்டு என்று எப்படிக் காட்டுவது? மூலையில் எண் போட வேண்டும் என்றேன் நான். "நம்பரப் பாக்கறதுக்கு ரேசன் கார்டு இருக்குதே, படம் என்னத்துக்கு?" என்றாய் நீ. பத்திரிகையில் வைப்பதைப்போல மஞ்சள் வைக்கலாம் என்பது உன் யோசனை. சின்னச் சீட்டுக்கு ஒரு மூலை, பெரியதற்கு நான்கு மூலை. வார்டனம்மாவின் நான்கு மூலையிலும் நீ மஞ்சளைக் குழைத்து வைத்தபோது, அவருக்கே கல்யாணம் என்று செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டே வாரத்தில் விவகாரம் ஆகிவிட்டது. கை வியர்வை பட்டுப் பட்டு மஞ்சள் அட்டையின் பின்பக்கம் ஊறிவிட்டது. யார் கையில் எத்தனை பெரிய சீட்டு இருக்கிறது என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. நான் வெற்றிப் பெருமிதத்தோடு எழுந்து நின்று எண்ணுக்காக ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நீ அசரவில்லை. "தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. பெரிய சீட்டு வெச்சிருக்கறவிய பயந்துக்கிட்டே ஆடட்டும்" என்றாய். ஓட்டெடுப்பில் மஞ்சளே ஜெயித்தது. மும்தாஜ் அக்கா எப்போதும் உன் பக்கம்.

ஓட்டெடுப்புக்கு ஒரு நோட்டு இருந்தது. டைப்பிஸ்ட் புத்தி, நான்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் தேதி, பேசிய விஷயம், முடிவு, கடைசியில் 'வந்திருந்தோர்: நால்வர்' என்று எழுதிக் கோடு போடுவேன். நால்வரும் ஒரே மேசையில் இருக்கும்போது அதை எழுத வேண்டுமா என்று நீ கிண்டல் செய்வாய். முதல் பக்கத்தில் மட்டும் உன் கையெழுத்து. 'ரெண்டு பேராவது உக்காந்து பேசாம எதையும் மாத்தக் கூடாது.'

நம் இருவருக்கும் பெரிய சண்டை வந்தது 'வாரேன்' சீட்டில்தான். ஞாயிறு மதியம் எல்லார் வீட்டிலிருந்தும் போன் வரும் நேரம். வார்டனம்மா பெயரைக் கூப்பிட்டால் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும். உனக்கு உன் ஊர் வெள்ளகோவிலிலிருந்து போன் வந்தால் அரை மணி நேரம். அதற்காக நீ ஒரு விதி கொண்டுவந்தாய். எழுந்து போகிறவர் கையிலிருந்து ஒரு சீட்டைத் தன் இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு 'வாரேன்' என்று சொல்ல வேண்டும். 'போறேன்' என்று சொல்லக் கூடாது. திரும்பி வரும்வரை அந்த இடம் அவருடையது. கவிழ்ந்த சீட்டை அவரைத் தவிர யாரும் திருப்பக் கூடாது. "எத்தனை நேரம் காத்திருக்கிறது, அதுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்று நான் கத்தினேன். நீ நிதானமாகச் சொன்னாய். "ஊட்டுல யாராச்சும் வாரேன்னு சொல்லிட்டுப் போனா கடிகாரம் பாத்துக்கிட்டா இருப்போம்? சீட்டு கவுந்து கெடந்தா ஆளு இருக்குதுன்னு அர்த்தம் அம்மணி." அந்த விதியும் ஜெயித்தது. எனக்கு உள்ளூர எரிச்சல்தான். ஒழுங்காக ஆடி ஜெயிக்க வேண்டும் என்பவளுக்கு உன் விதிகள் எல்லாமே காலை வாருவதாகத் தோன்றின.

ஒரு ஞாயிறு உனக்கு வந்த போன் அரை மணி நேரம் போகவில்லை. இரண்டு நிமிடத்தில் வந்தாய். உன் அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஒரு சீட்டை மேசையில் கவிழ்த்து அதன் மேல் எவர்சில்வர் டம்ளரை வைத்தாய். மிச்சச் சீட்டுகளை என்னிடம் கொடுத்தாய். "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பையோடு ஓடினாய். அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. உன் வீட்டில் போன் கிடையாது, பக்கத்துக் கடை எண் எங்களிடம் இல்லை. ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. மூன்றாவது ஞாயிறு என்ன செய்தேன் என்றால், நோட்டைத் திறந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். இரண்டு வாரம் வராதவரின் இடம் காலி, அவர் சீட்டுகள் மற்றவர்களுக்குப் பங்கு. "வரட்டும் புள்ள, வந்தப்பறம் பேசிக்கலாம்" என்றார் மும்தாஜ் அக்கா. செல்வி என் பக்கம் கை தூக்கினாள். இரண்டுக்கு ஒன்று. டம்ளரை நகர்த்திச் சீட்டைத் திருப்பியது நான்தான். மழை. நீ வரைந்ததிலேயே அழகான சீட்டு. பேரூர்க் குளத்தின் மேல் சாய்ந்து பெய்கிற மழை. எத்தனையோ பேரம் பேசியும் நீ எனக்குத் தராதது. அதை என் சீட்டுக்கட்டோடு சேர்த்துக்கொண்டேன். நோட்டில் எழுதினேன், 'வந்திருந்தோர்: மூவர்.'

அந்த வாரம் புதன்கிழமை நீ வந்தாய். மெலிந்திருந்தாய். அப்பா போய்விட்டார் என்பதை வாசலில் நின்றபடியே சொன்னாய். ஞாயிறு வந்ததும் நீயாகவே மேசைக்கு வந்து உன் இடத்தைப் பார்த்தாய். டம்ளர் இல்லை. நான் நடந்ததைச் சொல்லி, சீட்டுகளை எல்லாம் அள்ளி உன் முன்னால் வைத்தேன். நீ தொடவில்லை. "போச்சாது உடு. பிரிச்சது பிரிச்சதாவே இருக்கட்டும். ஊட்டுலயும் காரியம் முடிஞ்ச கையோட எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டாங்க" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். பிறகு நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தாய். 'மூவர்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாய். "நாலுன்னு எழுதியிருக்கோணும்" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது.

அதற்குப் பிறகு நீ ஆடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து செல்விக்குச் சீட்டு எடுத்துக் கொடுப்பாய், புதுச் சீட்டு வரைந்து தருவாய், சிரிப்பாய். என்னோடு ஒரு விதியைப் பற்றியும் வாதாடவில்லை. நான் என்ன சொன்னாலும் சரி என்றாய். எண் போடலாமா என்று வேண்டுமென்றே கேட்டேன். "போடு அம்மணி" என்றாய். எனக்கு அழுகை வந்தது. எண் போடவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். ஒரு விளையாட்டுச் சீட்டுக்காக மன்னிப்புக் கேட்பதா என்று கூச்சம். அது சீட்டுக்காக இல்லை என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

ஐந்தாறு மாதத்தில் உன் சித்தப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு நீ ஊருக்குக் கிளம்பிய அன்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது நான். கரூர் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வெளியே கையை நீட்டி என் உள்ளங்கையில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தாய், என் விரல்களை நீயே மடக்கிவிட்டாய். "வாரேன்" என்றாய். பஸ் நகர்ந்த பிறகு பார்த்தேன். பின்பக்கம் நான்கு மூலையிலும் மஞ்சள் ஊறியிருந்தது. அதற்குள் உன் விதி ரத்தாகிப் பல மாதம் ஆகியிருந்தது, ரத்து செய்தவளே நான். ஆனாலும் அதைத் திருப்பவில்லை. உன் கல்யாணத்துக்கு மும்தாஜ் அக்காவும் செல்வியும் போனார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பிறகு அக்கா சவூதிக்கு வேலைக்குப் போனார், செல்வி திருப்பூருக்குக் கல்யாணமாகிப் போனாள். ஒவ்வொருவராக எழுந்து போக, மிச்சம் இருந்த சீட்டுகளும் நோட்டும் என்னிடமே தங்கிவிட்டன. உன் கடைசிச் சீட்டை ஆபீஸில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். வேலையை விட்டதும் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. என்ன இது என்று கேட்பவர்களிடம் ஒரு சிநேகிதி வந்து எடுத்துக்கொள்வாள் என்று சொல்லி வந்தேன். வெள்ளகோவில் என்ன அமெரிக்காவா? இரண்டரை மணி நேரம். காங்கேயம் வரை எத்தனை முறை வேறு வேலையாகப் போயிருக்கிறேன். அங்கிருந்து திரும்பி வந்துவிடுவேன். நீதான் வர வேண்டும், வாரேன் என்று சொன்னவள் நீதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வாதத்தில் ஜெயித்தே பழகிவிட்டது.

இன்று ஞாயிறு. பத்திரிகையைப் படித்த பிறகு கண்ணாடியைத் தூக்கி அந்தச் சீட்டை எடுத்தேன். வெளிச்சம் பட்டுப் பட்டு மூலைகளில் மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை. வெறும் பழுப்பு அட்டை. பின்பக்கம் தெரிகிறது என்று அன்றைக்கு எத்தனை சத்தம் போட்டேன். இன்று எதுவுமே தெரியவில்லை. இதைத் திருப்பக்கூடியவள் இனி இல்லை என்ற நினைப்பு அப்போதுதான் சரியாக உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்க ஆள் இல்லாததால் நிம்மதியாக அழ முடிந்தது.

உன் மகள் கல்யாணத்துக்குப் போகிறேன். உன் கல்யாணத்துக்கு வராதவள் இதற்காவது வரட்டும். சீட்டைக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அவள் கையில் கொடுத்தால் உடனே திருப்பிப் பார்த்துவிடுவாள், சின்னப் பெண். அது இங்கேயே இருக்கட்டும். நீயாகக் கொடுத்ததில் எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு மேசையைத் துடைத்தேன். எதிரே ஒரு நாற்காலி போட்டேன். அதன் முன்னால் உன் சீட்டைக் கவிழ்த்து, மேலே ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். மழைச் சீட்டையும் பக்கத்தில் வைத்தேன், அது உன்னுடையது. நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் உன் கையெழுத்தைப் படித்துக்கொண்டேன். ரெண்டு பேராவது உட்கார்ந்து பேச வேண்டும். சரி. கடைசிப் பக்கத்துக்குப் போய் அந்த 'மூவர்' என்பதை அடித்துவிட்டு 'நால்வர்' என்று எழுதினேன். பிறகு புதுப் பக்கத்தில் தேதி போட்டேன். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவரின் இடம், அவர் எத்தனை காலம் வராவிட்டாலும், அவருடையதே. பழைய திருத்தம் ரத்து. எதிர்த்து ஏதாவது சொல்வாய் என்று பழக்கத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வெளியே காய்கறி வண்டிக்காரர் தக்காளி கூவிக்கொண்டு போனார். பேனாவை எடுத்துக் கீழே எழுதிக் கோடு போட்டேன்.

வந்திருந்தோர்: இருவர்.