குறைவதற்கு எத்தனை சொற்கள்

ஜூலை 8, திங்கள்

அப்பாவின் காலில் செருப்பு வார் பதிந்த தடம் இன்று இல்லை. மூன்று மாதமாக, வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றினால் பட்டையாக ஒரு பள்ளம் கிடக்கும். சாப்பிட்டு முடிக்கிற வரை நிரம்பாது. மாத்திரை கேட்கிறது போல.

காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. துவைத்தது எதுவும் காயவில்லை.

போன வாரம் ராஜபாளையத்தில் எடுத்த ஸ்கேனுக்கு ரிப்போர்ட் வந்தது. வியாழன் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதுவரை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான். ஒன்பதாவது பாதியில் நின்றவள்.

"வாசிட்டி. என்ன போட்ருக்கு?"

அப்பா சட்டையைக் கழற்றாமல் நிற்கிறார். கிட்னி என்பது தெரிந்தது. இரண்டும் என்பது தெரிந்தது. அப்புறம் ஷ்ரங்கன். சட்டை ஷ்ரிங்க் ஆகும் என்று ஏழாவதில் படித்தது.

"ரெண்டு கிட்னியும் சுருங்கியிருக்குன்னு போட்ருக்கும்மா."

"வீக்கம் வத்திருச்சு," என்றாள் அம்மா. மேற்கே பார்த்துக் கை கூப்பினாள், அய்யனாருக்கு.

"அப்டித்தான தாயி?" அப்பா என்னைத்தான் கேட்டார்.

தலையாட்டினேன். கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கருவாட்டுக் குழம்பு. உப்பில்லாத சோற்றை மூன்று மாதம் தின்ற மனிதர், இரண்டு தடவை கேட்டு வாங்கினார். "இப்பத்தான் நாக்கு என் நாக்கு மாதிரி இருக்கு." அம்மா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாள்.

முடிவானவை: வியாழன் ஆஸ்பத்திரி இல்லை. மாத்திரை இனி வேண்டாம். ஞாயிறு அய்யனார் கோவிலில் பொங்கல்.

"வத்திப்போனதுக்கு எதுக்கு டாக்டரு? அங்க போய் அம்புட்டு நேரம் வரிசையில நிக்கணும்," என்றாள் அம்மா.

எனக்குள் ஏதோ உறுத்தல். என்னவென்று எழுதத் தெரியவில்லை.

ஜூலை 10, புதன்

பேண்டேஜ் கம்பெனியில் நூல் தூசி அதிகம். தும்மல். நாங்கள் பன்னிரண்டு பெண்கள் முன்பக்கம் பேண்டேஜ் உருட்டித் தாள் சுற்றுகிறோம். தறியிலிருந்து வரும் துணியை வேகவைத்து வெளுப்பது பின்பக்கம். அங்கே ஆண்கள் மட்டும். அப்பாவும் அங்கேதான். பக்கத்தில் உருட்டும் செல்லத்தாய் அக்கா, "ஏட்டி, வாய அடகு வச்சிட்டியா, காலைலருந்து ஒரு பேச்சக் காணும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சாயங்காலம் நூர்ஜஹான் வீடு. மளிகைக்கடை வீடு. என்னோடு ஒன்பதாவது படித்தவள், இப்போது பிளஸ் டூ. என்றைக்காவது பத்தாவது தனியாக எழுதலாம் என்று அவள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வேன். இன்றைக்கு நானாக ஒன்று கேட்டேன். சின்னதாகிறதுக்கு இங்கிலீஷில் எத்தனை சொல்?

"ஏன் புள்ள, நீ சின்னதாகப் போறியா? இதுக்கு மேலயா?" என்று சிரித்தாள். பிறகு ஒரு பக்கம் நிறையக் காட்டினாள். எல்லாம் ஒரே அர்த்தம்தானே என்றேன். "அப்டி எழுதுனா எங்க மிஸ் முட்டை போட்ருவாவ."

எழுதிக்கொண்டு வந்தது:

அபேட். மழை, காய்ச்சல், கோபம். தணிவது. இதில் நிம்மதி உண்டு.

வேன். நிலா தேய்வது. "பிறை திரும்பி வளருதுல்ல, அதான்," என்றாள் நூர்.

ரெட்யூஸ். தானாக இல்லை, ஒருவர் குறைப்பது. டாக்டர் உப்பைக் குறைத்தார்.

டுவிண்டில். கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் ஒன்றும் இல்லாமல். கோடையில் பிளவக்கல் அணைத் தண்ணீர். (மழை வந்தால் நிறையும். அப்போது இந்தச் சொல் சரிதானா? கேட்க மறந்தேன்.)

டிமினிஷ். மதிப்பு, பலம் குறைவது. இது நான்.

ஷ்ரிங்க். துணி, தோல். கூச்சத்தில் ஆள் ஒடுங்குவதற்கும் இதுதானாம். இதுவும் நான்.

வீக்கம் வற்றுவதற்கு எது என்று கேட்டேன். நூர் யோசித்தாள். "அபேட்டுன்னு சொல்லலாம். கொறஞ்சா ரெட்யூஸ்டு." ஷ்ரங்கன் என்று சொல்வார்களா என்றேன். "வீக்கத்துக்கா? தெரியல புள்ள. ஏன்?"

சும்மா என்றேன்.

ஜூலை 11, வியாழன்

ஆஸ்பத்திரி நாள். போகவில்லை.

மதியம் தண்ணீர் குடிக்கப் போனபோது பின்பக்கக் கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம். மானேஜர், அப்பா. வெளுத்த துணி அகலம் போதவில்லை, இழுத்துக் காயப்போட்டால் என்ன என்று மானேஜர்.

அப்பா: "அண்ணாச்சி, தறியிலயே அகலங் கூட்டி நெய்யச் சொல்லணும். வெந்து சுருங்குனது சுருங்குனதுதான். இழுத்தா கிழியும். அகலமா வரும்?"

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செல்லத்தாய் அக்கா வந்து பிடித்து இழுத்தாள்.

அந்த ரிப்போர்ட்டில் வீக்கம் என்ற சொல்லே இல்லை. காலைப் பற்றி ஒன்றும் இல்லை. கிட்னியே சுருங்கியிருக்கிறது என்றுதான் இருந்தது. நான் வாசித்தது சரி. தலையாட்டியது தவறு.

இரவு அப்பா செருப்பைக் கழற்றினார். தடம் வந்துவிட்டது. விரலால் அழுத்திப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னிக்கு ரொம்ப நேரம் நின்னுட்டேன்," என்றார். நான் அவரிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன்.

காலை: அம்மா பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முனகுகிறாள். சொல்லவில்லை.

கம்பெனி போகும் வழியில்: அப்பா சைக்கிள் மிதிக்கிறார், நான் பின்னால். அவர் முதுகைப் பார்த்துச் சொல்லலாம், முகம் தெரியாது என்று நினைத்தேன். இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார். ஏற்றமே இல்லாத ரோடு. அப்போதும் சொல்லவில்லை.

சாயங்காலம் பக்கத்துத் தெலுங்கு வீட்டு அத்தை வந்தாள். கையில் அவள் தம்பியின் எக்ஸ்ரே கவர். "அம்மாயி, உங்க அப்பாவுக்கு நீதான வாசிச்சு சொன்ன? இதையும் செத்த பாரு." அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை. என்னைப் பற்றி அவள் பெருமைப்பட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரியாது அத்தை, டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

"ஏட்டி, அவிய வீடு தேடி வந்து கேக்காவ, என்ன பவுசு ஒனக்கு?" என்று அம்மா ஏசினாள்.

நாலு நாளாக உப்பு, நாலு நாளாக மாத்திரை இல்லை. என் ஒரு தலையாட்டலால். செத்துப்போகலாம் போல் இருக்கிறது. செத்தாலும் அப்பாவுக்கு விஷயம் தெரியாதே.

ஜூலை 13, சனி

வெயில். மலை தெளிவு.

வயிற்றுவலி என்று செல்லத்தாய் அக்காவிடம் சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு வெளியே வந்தேன். ரிப்போர்ட் தாவணிக்குள். ஸ்ரீவி பஸ். தனியாகப் போவது முதல் தடவை. சில்லறை சரியாக வைத்திருந்தேன், கண்டக்டரிடம் பேச வேண்டாமே என்று. தேர் இழுக்கிற வீதியில் பள்ளத்துக்கு மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

வரிசை. எனக்குப் பின்னால் வந்த நாலு பேரை முன்னால் விட்டேன். ஐந்தாவது ஆள், ஒரு கிழவர், "போ தாயி, ஒன் மொறதான்," என்று தள்ளிவிட்டார்.

டாக்டர் தாளைப் பார்த்தார். "பேஷண்ட் எங்க?"

"வேலைக்குப் போயிருக்காவ."

"வேலைக்கா?"

சுருங்கியிருக்கு என்றால் நல்லதா டாக்டர் என்று கேட்டேன். சத்தம் வரவில்லை. மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடி கேட்டேன்.

பேனாவை மூடினார். "இல்லம்மா. ரெண்டும் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். திரும்பப் பழையபடி ஆகாது."

மாத்திரை, உப்பு எல்லாம் சொன்னேன். யார் நிறுத்தச் சொன்னது என்றார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்கணும், திங்கட்கிழமை மதுரைக்குக் கூட்டிப்போகணும் என்று சீட்டு எழுதினார். அங்கே ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்வார்களாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "முதல்ல கூட்டிட்டுப் போங்க," என்றார்.

பஸ்ஸில் அழுதேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனி. முன்பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு பின்பக்கக் கதவு. அதைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. உள்ளே ஒரே ஆவி. தொட்டியைச் சுற்றி ஆண்கள், இடுப்பில் துண்டோடு. யார் அப்பா என்று தெரியவில்லை.

"அப்பா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். ஒருவன் அவசரமாகச் சட்டையைத் தேடினான்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன தாயி, அம்மாவுக்கு ஏதும் ஆயிருச்சா?"

"இல்லப்பா. அன்னைக்கு ரிப்போர்ட்டு எனக்குப் புரியாமத்தான் தலையாட்டுனேன்," என்றேன்.