மாப்பிள்ளை வைத்த கடல் அடுப்பு

மார்ச் 5, வியாழன்

காலையிலேயே வெயில். அறந்தாங்கிக் கடையில் ரிப்பேருக்கு மூன்று கேஸ் அடுப்பு. மூன்றும் பர்னர் அடைப்பு. மதியம் தங்கச்சி செல்வியின் புருஷன் போன். இனி இங்கே மா. என்று எழுதினால் போதும். மாப்பிள்ளை என்று முழுதாக எழுத மனம் வரவில்லை.

கட்டுமாவடிக் கடற்கரையில் ஒரு போட்டு வாங்கிவிட்டானாம். காற்றுப்பாய் கட்டிய சின்ன ஃபைபர் படகு. ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய், போட்டிலேயே கேஸ் கிரில்லில் மீன் சுட்டுத் தருவானாம். சிங்கப்பூரில் பார்த்தானாம். சித்தன்னவாசல் டூரிஸ்ட் எல்லாம் இங்கே வந்து குவியுமாம். நடுவில் முக்கால் ஜில்லா கிடக்கிறது. சொல்லவில்லை. குவியட்டும்.

"ஞாயித்துக்கெழம பூசை. நீங்க வந்துதான் ஆகணும் மச்சான்."

ஏன், எதற்கு? போன மாசம் இவன் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், பட்டு வேட்டியோடு சம்மணம் போட்டு மடியைத் தயாராக வைத்திருந்தேன். பிள்ளையைத் தூக்கிப் போய்ச் சிங்கப்பூர் சிநேகிதன் மடியில் வைத்தான். "மச்சான் கையில கேஸ் வாடை அடிக்கும். புள்ள அழும்." பந்தல் முழுக்கச் சிரிப்பு. செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

ரப்பர் வாஷர் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மார்ச் 7, சனி

நல்ல காற்று. பஸ்ஸில் நின்றுகொண்டே கட்டுமாவடி. மா. போட்டைச் சுற்றிக் காட்டினான், அரண்மனை மாதிரி.

கிரில்: புதுசு, பளபள. பாயின் ஓரம் அதற்கு நேர் மேலே தொங்குகிறது.
டியூப்: பழசு. வெயிலில் வெடித்திருக்கிறது.
சிலிண்டர்: மேலே காணோம். ஐஸ் போடும் கீழ் அறைக்குள். ஈரச் சாக்கு சுற்றி, மூடி போட்டு.

"வெயிலும் உப்புக் காத்தும் படக்கூடாதுல்ல மச்சான். உள்ள இருந்தா குளுகுளுன்னு கெடக்கும்."

மடையன். கேஸ் காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் வாசல்படி வழியாவது வெளியே போகும். போட்டுக்கு ஏது வாசல்? அடியில் போய்த் தண்ணீர் மாதிரி தேங்கும். சிலிண்டரை மேலே, காற்றோட்டமாக, நிமிர்த்திக் கட்ட வேண்டும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சோப்பு என் பையிலேயே இருந்தது.

அறை மூடியைத் தூக்கினேன். வாடை. லேசாகத்தான், ஆனால் என் மூக்குக்குத் தப்பாது. சொல்ல வாயெடுத்தேன்.

"மொகத்தச் சுளிக்காதீங்க மச்சான். ஒங்க வேலை வீட்டு அடுப்போட. இது கடலு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதே சிரிப்பு.

மூடியைத் திரும்ப வைத்து அழுத்தினேன்.

"நல்லாருக்கு மாப்ளே."

திங்கட்கிழமை தனியாகக் கடலுக்குப் போய்க் கிரில்லைப் பற்றவைத்துப் பார்க்கப் போகிறானாம். பற்றவைக்கட்டும். குப்பென்று பிடிக்கும். மீசை போகும், புருவம் போகும். சிங்கப்பூர் மூஞ்சியில் எண்ணெய் தடவிக்கொண்டு கொஞ்ச நாள் திரியட்டும். சுற்றிலும் தண்ணீர்தானே, குதித்துக்கொள்வான்.

திரும்பும்போது ஜன்னல் சீட். மசால் வடை. ரொம்ப நாள் கழித்து வாய்க்கு ருசி.

மார்ச் 8, ஞாயிறு

வானம் சுத்தம். காற்று நேற்றைவிட அதிகம். போட்டு கரையோரத் தண்ணீரில். முனையில் மாலை, வாழைக்குலை, எலுமிச்சம்பழம். மேளக்காரர் இரண்டு பேர். மா. கரையில் நின்று செல்போனில் வீடியோ.

"செல்வி, நீ ஏறு. வீட்டு லட்சுமி சூடம் காட்டுனாத்தான் வெளங்கும்."

சூடம். பூசை என்றால் சூடம். இது என் மண்டையில் உறைக்கவே இல்லை. நேற்றிலிருந்து கிரில்லையும் அவன் மீசையையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வி தட்டோடு ஏறினாள். கொளுத்தக் கொளுத்த அணைந்தது.

"காத்துல நிக்க மாட்டேங்குதுங்க."

"அந்த மூடியத் தொறந்து உள்ள வச்சுக் கொளுத்து. காத்து படாது."

கத்தினேன். "பாப்பா, வேணாம், எறங்கு!" அதற்குள் மேளம் தொடங்கிக் காதை அடைத்தது. நான் கூப்பிடுவது மட்டும் தெரிந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மூடி திறந்து கிடந்தது. கையில் தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் முதலில். சத்தம் அப்புறம்.

மார்ச் 10, செவ்வாய்

புதுக்கோட்டை, ஆஸ்பத்திரி. புழுக்கம். செல்விக்கு இரண்டு கை, கழுத்து, முகத்தில் பாதி வெந்துவிட்டது. உயிருக்குப் பயமில்லையாம். வலது கண் இப்போது சொல்ல முடியாதாம்.

வாங்க: இளநீர், ஸ்ட்ரா, பழைய காட்டன் வேட்டி.

மா. வராந்தாவில் அழுதுகொண்டிருக்கிறான். மீசை அப்படியே இருக்கிறது. ஒரு முடி கருகவில்லை.

செல்விக்கு மதியம் பேச்சு வந்தது.

"அண்ணே, அவரத் திட்டிப்புடாத. அவருக்கு என்ன தெரியும்."

சரி என்றேன்.

"போட்டுல ஏறவே மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. நீ வந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னியாமே, அதான் ஏறுனேன்."

நர்ஸ் வந்து கண்ணுக்கு மருந்து விட வேண்டும், வெளியே இருங்கள் என்றார். வெளியே பெஞ்சு. மா. பிள்ளையைத் தூக்கி வந்து என் மடியில் உட்காரவைத்தான்.

"இனிமே நீங்கதான் மச்சான் இவனப் பாத்துக்கணும்."

பிள்ளை அழவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான்.