பார்ட்டி கேன்சல்

8-11-1983, செவ்வாய், இரவு

ட்ரங்க் கால் எழுதும் டிக்கெட் கட்டை சூப்பர்வைசர் முகத்தில் விட்டெறிந்திருக்க வேண்டும். எறியவில்லை.

திருப்புலிவனத்துக் காசியம்மாள் காலை ஒன்பது மணிக்கே எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, மெட்ராசிலிருக்கும் அண்ணனுக்கு ட்ரங்க் கால் புக் செய்தாள். "எம் பொண்ணு அவங்க வூட்டுலதான் கீது. சாயங்காலம் வெத்தல பாக்கு மாத்தறாங்க. அந்த மாப்பிள்ளைக்கு இங்க ஏற்கெனவே பொண்டாட்டி கீறாம்மா, சொல்லணும்" என்றாள். நானும் மெட்ராசைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். லைன் கிடைக்கவே இல்லை. ஆறு மணிக்கு, இனி சொல்லிப் பயனில்லை என்று அவள் எழுந்தாள்.

சூப்பர்வைசர் அதற்குத்தான் காத்திருந்தார் போல. "எழுந்துட்டா இல்ல? டிக்கெட்ல பார்ட்டி கேன்சல்னு போடும்மா." லைன் கிடைக்கவில்லை என்று போட்டால் மாத ரிப்போர்ட்டில் பழி எங்கள் மேல். இப்படிப் போட்டால் அவள் மேல்.

"அவங்க கேன்சல் பண்ணலையே சார்."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

போட்டேன்.

காசியம்மாள் வாசலிலிருந்து திரும்பி வந்தாள். "நாள் பூரா குந்திக்கினு இருந்தேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடும்மா. நான் போனே பண்லன்னு சாதிப்பான் எங்கண்ணன்."

அந்த ஆள் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் தர்றதில்லை" என்றேன்.

அந்தச் சீட்டை இங்கே எழுதுகிறேன். காசியம்மாள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை காத்திருந்தாள். அவள் எதையும் ரத்து செய்யவில்லை. மத்தியானம் மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்க எழுந்தவளை, லைன் இதோ வந்துவிடும் என்று உட்கார வைத்தது நான்.