முந்நூறுக்கு இறங்கட்டும்

மடுமாதா துணை
பேசாலை
28.08.2022

அன்புள்ள என்னவருக்கு,

நீங்கள் உழவு மெசின் ஓட்ட நானாட்டான் போய் ஒரு கிழமைதான். வீடு அதற்குள் பெரிதாகிவிட்டது. எண்பத்தேழு ரூபா விற்ற மண்ணெண்ணெய் ஒரேயடியாக முந்நூற்று நாற்பது ஆனபிறகு கடலுக்குப் போக யாரிடம் வசதி இருக்கிறது? படகுகளெல்லாம் கரையில் ஏற்றிக் கிடக்கின்றன. நம் படகுக்குள் நேற்று யாருடையதோ கோழி படுத்திருந்தது. கலைக்க மனம் வரவில்லை.

படகு எஞ்சின் தின்ற உங்கள் காதுக்காகப் போனில் கத்தி, ஊருக்கெல்லாம் நம் கதையைச் சொல்ல வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். மீன் வியாபாரி சரிபுதீன் கொண்டுவந்து தருவான். கருவாடும் வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசைக்கு வந்துவிடுங்கோ.

உங்கள் செலீனா

நானாட்டான்
15.09.2022

அன்பின் செலீனா,

கருவாடு கிடைத்தது. பெற்றோல் நானூற்றைம்பது விற்கிறது. அதுவும் கியூஆர் அட்டையைக் காட்டினால் கிழமைக்குக் கொஞ்சம்தான் அளந்து தருகிறார்கள், அது மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போய்வரவே சரி. பஸ்ஸில் வந்தால் விடிய வேலைக்குத் திரும்ப முடியாது. நீயும் இங்கே வர வேண்டாம், மெசின் கொட்டிலில்தான் படுக்கிறேன். கோபிக்காதே. முந்நூறுக்கு இறங்கட்டும், அடுத்த நாளே வாசலில் நிற்பேன்.

உன் வலன்ரைன்

பேசாலை
04.06.2023

அன்புள்ள என்னவருக்கு,

பெற்றோல் முந்நூற்றுப் பதினெட்டு ரூபாவாம்! றேடியோவில் கேட்ட கையோடு எழும்பி முற்றம் கூட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

நான் மடு அகதி முகாமில் இருந்த காலம் நினைவிருக்கிறதா? சண்டைக்காலம், பொருளாதாரத் தடை. பெற்றோலைக் கண்ணால் காண்பதே அருமை. நீங்கள் கண்மருந்துப் போத்தலில் பெற்றோல் அடைத்துவைத்து, நாலு சொட்டு விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடி விடத்தல்தீவிலிருந்து என்னைப் பார்க்க வருவீர்கள். முதலில் புகை வரும், பிறகு நீங்கள். "உன்ரை ஆள் வாறார், மூக்கைப் பொத்தடி" என்று பக்கத்துக் கொட்டில் மார்த்தா அக்கா கத்துவா. அந்தப் போத்தல் இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

பதினெட்டு ரூபாவைப் பாராமல் வந்துவிடுங்கோ. தனியே சமைத்துத் தனியே தின்று அலுத்துவிட்டது.

உங்கள் செலீனா

நானாட்டான்
12.11.2023

செலீனாவுக்கு,

விலை திரும்ப ஏறிவிட்டது, முந்நூற்று ஐம்பத்தாறு. விதைப்பு நேரம், ஓய்வில்லை. கருவாடு இனி அனுப்ப வேண்டாம். இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

வலன்ரைன்

பேசாலை
27.04.2025

திரு. வலன்ரைன் அவர்களுக்கு,

பெற்றோல் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு வந்து நாலு கிழமையாகிறது. உயிர்த்த ஞாயிறன்று நண்டுக் குழம்பு வைத்து, இரண்டு சோற்றுக் கோப்பை எடுத்துவைத்துவிட்டு வாசலில் இருந்தேன். பொழுதுபட்ட பிறகு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

நேற்றுச் சரிபுதீன் வந்தான். "ஈஸ்ரர் பெருநாளுக்கு அண்ணன் வந்தவரெல்லோ அக்கா? தலைமன்னார் றோட்டில கண்டனான்" என்றான், ஒன்றும் அறியாமல்.

"தனியவோ?" என்று கேட்டேன்.

அவன் மீன்பெட்டிக் கயிற்றை அவிழ்த்து, திரும்பக் கட்டத் தொடங்கினான். பாவம், அவனை நான் கேட்டிருக்கக் கூடாது.

தலைமன்னாருக்கு நம் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று தலைக்கவசம் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் போனார்கள். ஒவ்வொருவரையும் நீங்கள் என்று நினைத்து எழும்பினேன். இரவு முழுக்க அழுதேன், அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

இனி விலையைப் பற்றி எழுத வேண்டாம். கண்மருந்துப் போத்தலைச் சரிபுதீனிடம் கொடுத்தனுப்புகிறேன். பெற்றோலே இல்லாத காலத்தில் அதை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தவர் நீங்கள்.

செலீனா