பின்பக்கத்து ஸ்குரூ

பெரியவனே,

நீ உன் கூட்டாளி யேசுதாஸ் கையில குடுத்தனுப்புன ஆம்ப்ளிபையர் வந்து சேந்துது. நீ வுட்டுட்டுப் போன கிட்டாரை அவனே அதுல மாட்டி, இங்கியே வாசிச்சுப் பாத்தான். வால்வு சூடாவட்டும்னு கொஞ்ச நேரம் காக்க வெச்சான். அப்பால ஒரு அடி அடிச்சான் பாரு, அலமாரில கீற தட்டெல்லாம் ஆடிப்போச்சு. ராக்கு மூசிக்குன்னா இதானாம். எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

உங்க நைனாதான் பாய்லர் ஷாப்புல வேலை பாத்தே காது போன மனுசனாச்சே. பெஞ்சுல குந்திகினு துன்னுகினு இருந்தவரு, தரை அதிர்றது காலுல தெரிஞ்சு எழுந்து வந்தாரு. நீ வூட்டை வுட்டுப் போறதுக்கு மின்ன உன் பழைய ஆம்ப்ளிபையரைத் தெருவுல கடாசுன மாதிரி இதையும் கடாசுவாரோன்னு எனக்கு ஒதறல். அவரு பெட்டி மேல கையை வெச்சாரு.

"பின்னாடி ஒரு ஸ்குரூ லூசா கீது"ன்னுட்டு, திருப்புளி எடுத்தாந்து முடுக்குனாரு. மறுபடியும் கையை வெச்சுகினு, "இப்ப வாசிக்கச் சொல்லு"ன்னாரு.

யாரு அனுப்புனதுன்னு அவரு கேக்கல. நானும் சொல்லல. உப்புக்காத்து படக்கூடாதுன்னு தன்னோட டூட்டி கோட்டை அது மேல போத்தி வெச்சிருக்காரு.

உன் கப்பல் இன்னும் ஹார்பர்லதான் நிக்குதாமே. ராத்திரிக்கு சுறாப்புட்டு. வூட்டுல நாங்க ரெண்டு பேருதான்; மூணு தட்டு வெக்கச் சொன்னது நான் இல்ல, அவருதான்.

அம்மா