அதே ஆள், அதே வேலை

மார்ச் 4, செவ்வாய்
அரசு அலுவலகம் ஆய்வுக்குக் கொடுத்த முதலாளிகளின் பதிவும் தொழிலாளர்களின் பதிவும் ஒரு வழியாக ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. பெயர்கள் கிடையாது, எண்கள்தான். ஆனால் ஓர் ஆள் எந்த நிறுவனத்தில் இருந்தார், பிறகு எங்கே போனார், சம்பளம் என்ன ஆனது — எல்லாம் தெரிகிறது. ஆட்களைக் கான்டிராக்டரிடம் மாற்றிவிட்ட இடங்களில் சம்பளம் இறங்கியிருக்கிறது. திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். இறங்கித்தான் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி
ஆய்வு மைய இயக்குநர் டாக்டர் கமலநாதன் கூப்பிட்டார்.
"கான்டிராக்டர்கிட்ட போறவங்க திறமை குறைஞ்சவங்களா இருப்பாங்க லா, கௌசல்யா. சம்பளம் இறங்குன பகுதிய அறிக்கையிலேருந்து எடுத்துருங்க."
"அதே ஆளுங்க, டாக்டர். வேலை செய்யிற இடம்கூட மாறல. முதலாளி மாறின அன்னைக்கே திறமை எப்படிக் குறையும்?"
"உங்க வேலை ஒப்பந்தம் ஜூன்ல முடியுதுல்ல?" என்றார்.
முடியட்டுமே.

மார்ச் 9, ஞாயிறு
காப்பாரிலிருந்து அக்கா புனிதா பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தாள். அவளையும் கான்டிராக்டரிடம் தள்ளிவிட்டார்களாம்.
"என் பேக்டரியும் உன் கம்ப்யூட்டர்ல இருக்கும்ல? எத்தனை பேரு சம்பளம் இறங்குச்சுன்னு தேடிச் சொல்லு."
முடியாது என்றேன். யார் யாரென்று தேட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்று நான் அக்காவுக்காகத் தேடினால், நாளைக்கு ஒரு முதலாளி தன் ஆளைத் தேடச் சொல்வான்.
"கூடப் பொறந்தவளுக்கே உதவாத படிப்பு என்ன படிப்பு?"
சாப்பிடாமலே போய்விட்டாள். அழுதேன். இருந்தாலும் தேட மாட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்
அந்தப் பகுதியை எடுக்க மாட்டேன். அதோடே அறிக்கையை எழுதி டாக்டருக்கு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 26, சனி
மையத்தின் அறிக்கை வந்துவிட்டது. அந்தப் பகுதி இல்லை, என் பெயரும் இல்லை. ஆனால் தரவு கொடுத்த அலுவலகம் என் அட்டவணைகளை வெளியிட அனுமதித்திருக்கிறது. பிறகு யாரைக் கேட்க வேண்டும்? இன்று கிள்ளானில் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசினேன்.
ஒரு கம்பெனி மேலாளர் எழுந்தார். "எல்லாம் நம்பர்தானேம்மா. ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம்."
காட்ட முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்வரிசையில் அக்கா எழுந்து நின்றாள். அவள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது.
"என் பேரு புனிதா. காப்பார்ல வேலை செய்யிறேன். அவ சொல்ல மாட்டா. நானே சொல்றேன், எழுதிக்குங்க."
தொழிற்சாலையின் பெயரையும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

ஜூலை 14, திங்கள்
மையத்தில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது; பூச்சோங் கல்லூரியில் ஆசிரியையாக இன்று என் முதல் வகுப்பு. காலையில் அக்கா போன் செய்தாள். லேபர் ஆபீஸில் விசாரணையாம். அவளோடு மாற்றப்பட்டவர்கள் எல்லோரும் சாட்சி சொல்லப் பெயர் கொடுத்துவிட்டார்களாம்.
"நானும் வரட்டுமா?" என்றேன்.
"நீ எதுக்கு? நாங்க பேசிக்கிறோம். நீ போய் கிளாஸ் எடு."
எடுத்தேன்.