செல்லத்தாய் இல்லாத அசனம்

பூனா
6.9.2002

அன்புள்ள பட்டு மாமிக்கு,

ஸ்தோத்திரம், நமஸ்காரம். இரண்டில் எது கோயம்புத்தூர் வரை கெடாமல் வந்து சேருமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்றுச் சபைக் கமிட்டியில் செயலாளர் தங்கதுரை எழுந்து, "செல்லத்தாயம்மா போயாச்சு. இனி அசனத்துக்கு அண்டா முன்னால யாரு நிக்கது? ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் குடுத்து அனுப்பிருவோம்" என்றார். சபையே கூடிச் சமைத்து ஒரே பந்தியாக உட்காருவதைத் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்து பூனா கேம்ப் சபையில் ஊன்றியவள் அம்மா. அது பொட்டலமாவதா? "நான் சமைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். வெந்நீர் வைத்தாலே அடிபிடிக்கிற கை என்னுடையது. கட்டிக்கொண்டவள் என்ற இரக்கமில்லாமல் ப்ரீத்தி சிரித்த சிரிப்பில் முடிவு ஜெபமே தடுமாறிப்போனது.

அம்மாவை நினைத்தால் எனக்கும் சிரிப்புதான் வருகிறது, மாமி. பிரசங்கம் நீண்டால் முதல் வரிசையிலிருந்து இருமுவாளே, போதகர் பயந்துபோய் ஆமென் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரியில் மராத்தி தெரியாத நம் ஊர்க்காரர்களுக்குக் கஞ்சியோடு போய் நின்று, வயிற்றுவலி என்றால் "டாக்டர், பேட்டுல சுருக்குனு குத்து ஆஹே" என்று மொழிபெயர்ப்பாள். டாக்டருக்கு அது விளங்கவும் செய்தது. சாகண், ரஞ்சன்காவ் ஃபாக்டரிப் பையன்களைக் கோயில் வாசலிலேயே மறித்து வீட்டுக்கு இழுத்து வருவாள். என் தட்டு மீன் அவர்கள் தட்டுக்கு இடம் மாறும்.

நவம்பர் பதினேழு அசனம். கறிக்கு ஆள் பிடித்தாகிவிட்டது. சாம்பார் அண்டா என்றைக்கும் உங்களுடையது. நீங்கள் வராவிட்டால் பொட்டலம்தான். போனில் கேட்டிருப்பேன், மாமா எடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

உங்கள்
ஜெபசிங்


கோயம்புத்தூர்
14.9.2002

சிரஞ்சீவி ஜெபசிங்குக்கு ஆசீர்வாதம்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பூனாவில் இருந்தவரை உங்கள் அசனத்துக்கு நான் சாம்பார் வைத்தது மாமாவுக்குத் தெரியாது. பஜனைக்குப் போவதாகச் சொல்லித்தான் கிளம்பி வருவேன். "பொய்தான அது, பட்டு?" என்று செல்லம் கேட்பாள். "உங்க கோயில்லயும் பாட்டுதானே பாடறேள்" என்பேன். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கறி வேகிற இடத்தில் நின்றேன் என்பதைக் கூடப் பொறுத்துக்கொள்வார். இத்தனை வருஷம் வாய் கூசாமல் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா? அதனால் வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. பருப்பை முதலிலேயே கொட்டாமல் காய் வெந்தபின் சேர், அடிபிடிக்காது. இந்த விஷயம் யார் காதுக்கும் போக வேண்டாம்.

பட்டு மாமி


பூனா
20.9.2002

அன்புள்ள மாமிக்கு,

போயிற்று. எல்லாம் போயிற்று.

அம்மாவைப் பற்றிச் சபை மலரில் நாலு பக்கம் எழுதினேன். நான் எழுதியதை ஊருக்கெல்லாம் காட்டாமல் இருக்க மாட்டேனே, உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அதில் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற உங்களுக்கென்று ஒரு முழுப் பத்தி இருக்கிறது. வீட்டுக்குப் பெரியவர் பெயருக்கு அனுப்புவதுதானே மரியாதை என்று 'உயர்திரு ஜம்புநாதன் அவர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டேன். போட்ட இரண்டாம் நாள் உங்கள் கடிதம் வருகிறது.

தபால்காரர் தொலைத்துவிட வேண்டும் என்று முழங்காலில் நின்று பார்த்தேன். அம்மாவின் ஜெபத்துக்கு இருந்த செல்வாக்கு என்னுடையதற்கு இல்லை. பச்சை அட்டை, மாமி. வாசலிலேயே பிடித்துவிடுங்கள்.

பாவி
ஜெபசிங்


கோயம்புத்தூர்
1.10.2002

சிரஞ்சீவி ஜெபசிங்குக்கு,

பிடிக்க முடியவில்லை. உன் பச்சை அட்டை வந்தபோது நான் கோவிலில் இருந்தேன். நிஜமாகவே கோவிலில்.

இரண்டு நாள் தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் காபியை வாங்கிக்கொண்டு, "உன் பஜனைல எத்தனை பேருக்குச் சாம்பார்?" என்றார்.

"முந்நூறு பேர் இருப்பா."

"கறி?"

"அது வேற மூலை. கரண்டியக்கூட மாத்த விடமாட்டா செல்லம்."

டம்ளரைக் கீழே வைத்தார். "பொய் சொன்னே. சரி, அத விடு. ஊருக்கெல்லாம் சாம்பார் வெச்சியே, ஆத்துல ஒருத்தன் இருக்கானே, அவனுக்கு ஒரு தூக்குல கொண்டு வரணும்னு ஒருநாளாவது தோணித்தா உனக்கு?"

பிறகு கூடத்தில் உட்கார்ந்து மலரில் நீ எழுதியிருந்த செல்லத்தின் மராத்தியை உரக்கப் படித்து, கண்ணாடி நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். சாயங்காலம் ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டு வந்தார். சாப்பிட மாட்டாராம். மேற்பார்வை மட்டுமாம்.

புளி நல்லதாக வாங்கி வை.

பட்டு மாமி


கோயம்புத்தூர்
25.11.2002

சிரஞ்சீவி ஜெபசிங்குக்கு ஆசீர்வாதம்.

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். மேற்பார்வைக்காரர் ரஞ்சன்காவ் பையன்களுக்கு நடுவில் சம்மணம் போட்டுச் சாம்பாரை மறுபடியும் மறுபடியும் கேட்டு வாங்கிய கதையைத் தெருவில் எல்லோரிடமும் அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார். உப்பு ஒரு கல் குறைவு என்ற அபிப்பிராயத்தையும் சேர்த்து. தங்கதுரை அடுத்த வருஷத்துக்கு இப்போதே பெரிய அண்டா பார்க்கிறாராமே. பார்க்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கோயில் பின்கட்டில் உட்கார்ந்து கண்ணைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் மாமி, வெங்காயம்" என்றாய். உன் மடியில் இருந்தது பூண்டு.

நானும் எதிரே உட்கார்ந்து அதில் ஒரு கை அள்ளி உரித்துக்கொண்டு, "ஆமாண்டா, ரொம்பக் காரமான வெங்காயம்" என்றேனே, கவனித்தாயா?

ஆசீர்வாதங்களுடன்
பட்டு மாமி